ஆள் பாதி, மூட்டை பாதி

பத்தடி நீளமுள்ள மரக்கோல் ஒன்று, விலை 1 பொற்காசு. ஐம்பதடிக் கயிறு, அதுவும் 1 பொற்காசு. தீப்பந்தம் 6 சேர்ந்து 1 பொற்காசு. பூண்டு 5 பொற்காசு. மூன்று மர முளைகளும் அவற்றை அடிக்க ஒரு சுத்தியலும் 3. வெள்ளிச் சிலுவை 25. புனித நீர் ஒரு குப்பி, அதுவும் 25.

இஃது இடைக்காலச் சந்தையொன்றின் கணக்கேடு அன்று. 1974ஆம் ஆண்டு சனவரியில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டின் முதற் புத்தகத்தில் இடம்பெற்ற விலைப்பட்டியல். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் ஆகிய இருவர் எழுதியது. மூன்று சிறு புத்தகங்கள் ஒரு பெட்டியில். முதற்பதிப்பு ஆயிரம் பிரதிகள். விலை 10 டாலர். பிற்காலத்தில் கணினி விளையாட்டுகள் பலவற்றிற்கு இலக்கணம் வகுத்துத் தந்தவை இவையே.

இவ்வகை விளையாட்டை அறியாத வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். மேசையைச் சுற்றிச் சிலர் அமர்கின்றனர். அவர்களுள் ஒருவர் நடுவர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்கின்றனர். 'எதிரே இருண்ட தாழ்வாரம், தரையில் ஈரம்' என்று நடுவர் சொல்ல, 'கோலால் தரையைத் தட்டிப் பார்க்கிறேன்' என்று ஆடுபவர் சொல்ல, ஐயம் எழும் இடத்தில் பகடை உருள்கிறது. பலகை வேண்டுவதில்லை, காய் வேண்டுவதில்லை. சொல்லாலேயே நகரும் கூத்து என்று கொள்ளலாம்.

இந்தக் கூத்தில் ஒரு பாத்திரத்தைக் குறிக்கும் தாளில் இரண்டு செய்திகள் தவறாமல் இருக்கும். ஒன்று, அவன் எந்தத் தொழில்வகையைச் சேர்ந்தவன் என்பது. ஆங்கிலத்தில் 'கிளாஸ்' என்பர். வகுப்பு என்று மொழிபெயர்த்தால் பள்ளிக்கூடம் நினைவுக்கு வரும் என்பதால் தொழில்வகை என்றே இக்கட்டுரையில் வழங்குவோம். மற்றொன்று, அவன் மூட்டையில் என்னென்ன இருக்கின்றன என்பது. ஒருவன் என்ன செய்ய வல்லவன் என்ற ஒரே கேள்விக்கு இவ்விரண்டும் இருவேறு விடைகள். ஆள் பாதி ஆடை பாதி என்பது நம் பழமொழி. இங்கே ஆள் எத்தனை பங்கு, மூட்டை எத்தனை பங்கு? ஐம்பது ஆண்டுகளாக விதியமைப்போர் இந்தப் பங்கைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து வந்திருக்கின்றனர். அந்த வரலாற்றைத்தான் ஈண்டுக் காணப் புகுகிறோம்.

தொடக்கத்தில் ஆள் என்பவனே இல்லை. 1971இல் கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் வெளியிட்ட 'செயின்மெயில்' இடைக்காலப் போர்களை மேசைமேல் நடத்தும் விதிநூல். அதில் ஓர் ஈயப் பொம்மை இருபது வீரர்களைக் குறிக்கும். அவர்களுக்குப் பெயர் கிடையாது. கனத்த கவசம் அணிந்த குதிரைப்படை, இலேசான காலாட்படை என்று அணிந்திருப்பதைக் கொண்டே அவர்கள் வகைப்படுத்தப்பட்டனர். அந்நூலின் கடைசியில் சேர்க்கப்பட்ட மாயாவினோதப் பிற்சேர்க்கையில்தான் முதன்முறையாகத் தனிமனிதன் தலைகாட்டுகிறான். 'வீரநாயகன்' ஒருவன் நான்கு பேருக்குச் சமம். 'பெருவீரநாயகன்' எட்டுப் பேருக்குச் சமம். 1974 நூலில் போர்வீரனின் நான்காம் படிநிலைக்கும் எட்டாம் படிநிலைக்கும் சூட்டப்பட்ட பட்டங்கள் இவையே என்பதை நோக்கினால், படிநிலை என்ற கருத்தே 'எத்தனை பேருக்கு ஈடு' என்ற படைக்கணக்கிலிருந்து முளைத்தது என்பது தெளிவாகும்.

இதே காலத்தில் மின்னசோட்டாவின் இரட்டை நகரங்களில் வேறொரு சோதனை நடந்துகொண்டிருந்தது. 1969இல் டேவிட் வெஸ்லி நடத்திய 'பிரவுன்ஸ்டைன்' என்னும் ஆட்டத்தில், படைத்தலைவர்களோடு ஊர்த்தலைவர், வங்கியாளர் போன்ற வேடங்களும் ஆடுவோருக்குத் தரப்பட்டன. ஒவ்வொருவருக்கும் தனித்தனி நோக்கம். அந்த ஆட்டத்தில் கலந்துகொண்ட ஆர்னிசன், அதனைத் தம் 'பிளாக்மூர்' என்னும் கற்பனை நாட்டிற்கும் அதன் நிலவறைகளுக்கும் கொண்டு சென்றார். 1972இன் பிற்பகுதியில் அவர் லேக் ஜெனீவாவுக்கு வந்து கைகாக்ஸுக்கு ஆடிக்காட்டியதன் விளைவே 1974ஆம் ஆண்டு நூல்.

அந்நூலில் தொழில்வகை மூன்றே மூன்று: போர்வீரன், மந்திரவாதி, மதகுரு. போர்வீரன் எந்த ஆயுதத்தையும் ஏந்தலாம், எந்தக் கவசத்தையும் பூணலாம். மந்திரவாதிக்குக் குத்துவாள் மட்டுமே, கவசம் கூடாது. மதகுரு கவசம் பூணலாம், மந்திரமும் சொல்லலாம். ஆனால் கூர்முனை ஆயுதம் தொடக் கூடாது. இன்று படிக்கையில் வியப்பூட்டுவது யாதெனில், திறமை என்று எழுதப்பட்டதைவிடத் தடை என்று எழுதப்பட்டதே மிகுதி. தொழில்வகை என்பது பெரும்பாலும், கடைவீதியில் எந்தெந்தக் கடைக்குள் நுழையலாகாது என்னும் விதிதான்.

நுழைந்து வாங்கத் தொடக்கப் பணம் மூன்று பகடைகளின் கூட்டுத்தொகையைப் பத்தால் பெருக்கி வருவது. சராசரி 105 பொற்காசு. போர்வீரன் தகட்டுக் கவசத்திற்கு 50, கேடயத்திற்கு 10, தலைச்சீராவிற்கு 10, வாளுக்கு 10 என்று 80 பொற்காசைச் செலவிட்டால் 25 மிஞ்சும். அதில் வழிச்சோறும் வாங்க வேண்டும். மந்திரவாதிக்கோ 3 பொற்காசுக்குக் குத்துவாள் வாங்கிய பின்னும் 100க்கு மேல் கையில் நிற்கும். முதற் படிநிலையில் அவனுக்கு ஒரு நாளைக்கு ஒரே மந்திரம். ஆகவே கயிறு, எண்ணெய், கண்ணாடி, கோல், இரும்பு முளை முதலியவற்றைச் சுமந்து வருபவன் இயல்பாகவே மந்திரவாதியாகி விடுகிறான். விதியில் எங்கும் இப்படி எழுதப்படவில்லை. விலைப்பட்டியலும் தடையும் சேர்ந்து இந்தப் பாத்திரத்தை உருவாக்கிவிடுகின்றன. அவனுடைய மந்திரமும் ஒருவகையில் மூட்டைச் சாமான்தான். ஜாக் வான்ஸ் 1950இல் வெளியிட்ட 'டையிங் எர்த்' கதைகளைப் பின்பற்றி, சொன்ன மந்திரம் நினைவிலிருந்து அழிந்துவிடும் என்று கைகாக்ஸ் விதித்தார். தூணியில் அம்பு தீர்வது போல மந்திரமும் தீரும்.

ஆயுதங்களைப் பொறுத்தவரை 'வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்' என்பதை அப்படியே சட்டமாக்கியது போன்ற நிலை. 'செயின்மெயில்' அட்டவணைகளைப் பயன்படுத்துவோருக்கு ஆயுதந்தோறும் வேறுபாடு உண்டு. ஆனால் 1974 நூலே தந்த மாற்றுச் சண்டை முறையில் எல்லா அடியும் ஓர் ஆறுமுகப் பகடை அளவே. 3 பொற்காசுக் குத்துவாளும் 15 பொற்காசு இருகை வாளும் ஒரே காயத்தைத்தான் உண்டாக்கும். கொல்பவன் ஆளே, ஆயுதமன்று. இந்த ஒருமையில் ஓர் அழகு இருந்ததென்றே நாம் கருதுகிறோம்.

மதகுருவைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். வரலாற்றின் பெயரால் ஒரு கட்டுக்கதை நிலைபெற்ற இடம் அது. இரத்தம் சிந்தலாகாது என்ற திருச்சபை விதியால் இடைக்கால மதகுருமார் வாளை விலக்கித் தண்டாயுதம் ஏந்தினர் என்றும், பேயூ திரைச்சீலையில் ஆயர் ஓடோ கையில் தடியோடு தோன்றுவது அதற்குச் சான்று என்றும் பலரும் எழுதுவர். ஓடோ தடியோடு தோன்றுவது உண்மையே. ஆனால் அதே திரைச்சீலையில் வில்லியமும் தடியோடு காட்டப்படுகிறார். அவர் மதகுரு அல்லர். அந்தத் தடியை அதிகாரத்தின் அடையாளமாகக் கொள்வதே பொருந்தும். 1215ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் சங்கம் மதகுருமார் இரத்தம் சிந்தும் செயல்களில் ஈடுபடுவதைத் தடுத்தது மெய்தான். எனினும் 'வாளால் வெட்டாதே, தடியால் மண்டையை உடை' என்று அது சொல்லவில்லை. தண்டாயுதம் தாக்கினால் இரத்தம் வராது என்று நம்ப எந்தப் போர்க்களமும் கண்டறியாதவராய் இருக்க வேண்டும். 'ரோலண்டின் பாடல்' என்னும் பிரெஞ்சுக் காவியத்தில் பேராயர் டர்ப்பின் 'அல்மாஸ்' என்று பெயரிடப்பட்ட வாளைச் சுழற்றுகிறார். காவியம் கேட்டவர்களுக்கு அது முரணாகத் தோன்றவில்லை.

பின் அந்தத் தடை எதற்கு? ஆர்னிசனின் பிளாக்மூர் ஆட்டத்தில் ஒருவர் இரத்தக்காட்டேரியாக ஆடி, மற்றவர்களால் அடக்க முடியாதவராய் வளர்ந்துவிட்டார் என்றும், அவரை எதிர்க்கவே, ஹேமர் நிறுவனத்து டிராகுலா படங்களில் வரும் வேட்டைக்காரரை மனத்திற்கொண்டு மதகுரு உருவாக்கப்பட்டார் என்றும் கூறுவர். இப்போது தொடக்கத்தில் கண்ட விலைப்பட்டியலை மீண்டும் நோக்குங்கள். பூண்டு, மர முளை, வெள்ளிச் சிலுவை, புனித நீர். இடைக்காலச் சந்தையில் எவன் இவற்றை வரிசையாக வைத்து விற்றான்? தொழில்வகையும் பொருட்பட்டியலும் ஒரே திரைப்பட அலமாரியிலிருந்து இறங்கியவை. வாள் மறுக்கப்பட்டதன் காரணமோ ஆட்டக்கணக்கு என்பது நம் துணிபு. புதையலில் கிடைக்கும் மாயப் பொருட்களைத் தீர்மானிக்கும் அட்டவணையில் நூற்றுக்கு இருபது இடம் வாளுக்கு. அவ்வாள்களுக்கு அறிவும் அகந்தையும் உண்டு. தூக்கியவனையே அடக்கி ஆளவும் கூடும். கவசமும் மந்திரமும் ஏற்கெனவே பெற்றுவிட்ட மதகுரு அந்த வாளையும் பெற்றுவிட்டால் போர்வீரனுக்கு மிஞ்சுவது என்ன?

மூட்டையின் பெருமையை உணர்த்தும் இன்னொரு விதி சுமைக் கணக்கு. எடையைப் பொற்காசிலேயே அளந்தார்கள். தகட்டுக் கவசம் 750 காசு எடை, வாள் 50. பணத்தால் எடையை அளப்பது கிறுக்குத்தனம் என்று தோன்றலாம். ஆனால் நிலவறையிலிருந்து மேலே கொண்டுவரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஓர் அனுபவப் புள்ளி. அனுபவப் புள்ளி சேர்ந்தால் படிநிலை உயரும். ஆக, கவசத்தைக் கழற்றி எறிந்தால் 750 காசு கூடுதலாகச் சுமக்கலாம், அதாவது அத்தனை புள்ளி வளரலாம், திரும்பும் வழியில் உயிர் போகாதிருந்தால். பேராசைக்கும் உயிருக்கும் நடுவே இவ்வளவு துல்லியமான தராசை வேறெந்த விளையாட்டிலும் காண்பது அரிது.

1975இல் இரண்டு மாற்றங்கள் ஒரே நூலில் வந்தன. கைகாக்ஸும் ராபர்ட் குன்ட்ஸும் எழுதிய 'கிரேஹாக்' என்னும் துணைநூல் அது. ஒன்று, ஆயுதத்திற்கு ஆயுதம் வேறு பகடை. குத்துவாளுக்கு நான்குமுகம், வாளுக்கு எண்முகம். உயிர்ப்புள்ளிக்கும் தொழில்வகைக்கேற்ப வேறு வேறு பகடை வந்துவிட்டது. புல்லும் ஆயுதமாய் இருந்த காலம் முடிந்தது. மந்திரவாதியின் குத்துவாள் அன்றுதான் உண்மையில் சிறுத்தது.

மற்றொரு மாற்றம் திருடன். கலிபோர்னியாவின் சான்டா மோனிகாவில் ஆடிக்கொண்டிருந்த ஒரு குழுவிடமிருந்து வந்த இக்கருத்தைக் கைகாக்ஸ் வளர்த்தெடுத்து நான்காம் தொழில்வகையாகச் சேர்த்தார். பூட்டைத் திறத்தல், பொறியை நீக்குதல், ஓசையின்றி நடத்தல், நிழலில் மறைதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் நூற்றுமானம் உண்டு. முதற் படிநிலைத் திருடன் பொறியைச் செயலிழக்கச் செய்யும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்து.

இதில் என்ன பிழை என்று கேட்கலாம். முன்னர் பொறியைக் கண்டறிய என்ன செய்தார்கள்? பத்தடிக் கோலால் தரையைத் தட்டினார்கள். நீரைக் கொட்டி அது எந்தப் பிளவில் வடிகிறது என்று பார்த்தார்கள். கதவிடுக்கில் கண்ணாடியை நீட்டினார்கள். 1 பொற்காசுக் கோலும் ஆடுபவரின் மதியும் போதும். போர்வீரனாயினும் மந்திரவாதியாயினும் யாரும் செய்யலாம். திருடன் வந்தபின் 'அது திருடனின் வேலை' என்றாயிற்று. மதியால் செய்தது பகடையால் செய்வதாயிற்று. அதுவும் நூற்றுக்குத் தொண்ணூறு தடவை தோற்கும் பகடை. பிறர் முயலலாகாது என்று விதி சொல்லவில்லை. ஆனால் ஒருவனுக்கு ஒன்றை எழுதிக் கொடுத்தால் மற்றவர்களிடமிருந்து அதைப் பிடுங்கியதாகவே மேசை புரிந்துகொள்ளும். திருடனின் தரப்பிலும் நியாயம் உண்டு. கூச்ச சுபாவமுள்ளவர், நடுவரோடு வாதாடத் தெரியாதவர், பொறியியல் அறியாதவர் ஆகியோருக்கும் ஒரு திறமையைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை அது தந்தது. வாய்ச்சொல்லில் வல்லவரே ஒவ்வொரு நிலவறையையும் வெல்வது என்ன நீதி? ஆயினும், திறமை மூட்டையிலிருந்து ஆளின் உடம்புக்கு இடம்பெயரத் தொடங்கிய நாள் இதுவென்றே குறிக்க வேண்டும்.

அதன்பின் தொழில்வகைகள் பெருகின. வனக்காவலன், மாயத்தோற்றக்காரன், துறவி, கொலையாளி, பாணன் என்று ஓரிரு ஆண்டுகளில் ஒரு பட்டாளமே சேர்ந்தது. 1978ஆம் ஆண்டின் 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்' இவர்களுள் பெரும்பாலோரை ஒரே நூலில் தொகுத்தது. அந்நூலின் ஆயுதப் பட்டியல் தனிச்சுவை உடையது. நீண்ட கழியின் முனையில் வெட்டும், குத்தும், கொக்கி போட்டு இழுக்கும் அலகுகளைப் பொருத்திய ஐரோப்பிய ஆயுதங்கள்மீது கைகாக்ஸுக்குத் தீராக் காதல். கிளேவ், கிசார்ம், இரண்டையும் சேர்த்த கிளேவ்-கிசார்ம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. 1985இல் மற்றொரு நூலில் இவற்றின் பெயர்வகைக்கென்றே ஒரு பிற்சேர்க்கை எழுதினார். ஆடியவர்கள் பெரும்பாலும் வாளைத்தான் வாங்கினார்கள்.

மற்றவர்கள் இதே கேள்விக்குத் தந்த விடைகளுள் இரண்டை மட்டும் குறிப்பிடுவோம். 1978இல் கேயோசியம் நிறுவனம் வெளியிட்ட 'ரூன்குவெஸ்ட்' தொழில்வகையை அடியோடு நீக்கியது. அதன் ஆசிரியருள் முதன்மையான ஸ்டீவ் பெரின், இடைக்கால வாட்போரை உண்மையான கவசம் பூண்டு ஆடிப் பார்க்கும் ஆர்வலர் இயக்கத்தில் தொடக்கம் முதல் இருந்தவர். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' முறையில் கவசம் பூண்டவன்மேல் அடி படுவதே அரிதாகும். பெரினின் முறையில் அடி படும். கவசம் அதன் வேகத்தை உறிஞ்சிக்கொள்ளும். கையில் பட்டதா, காலில் பட்டதா என்பதற்கும் பகடை உண்டு. அடி வாங்கியவர் எழுதிய விதி என்பது படித்தவுடன் தெரிந்துவிடும். எவனும் எதையும் ஏந்தலாம். எதைப் பயன்படுத்துகிறானோ அதில் தேர்ச்சி பெறுவான்.

1986இல் இங்கிலாந்திலிருந்து வந்த 'வார்ஹாமர்' நாடக ஆட்டம் இன்னும் சுவையானது. அங்கே தொழில் என்றால் மெய்யாகவே பிழைப்புக்கான தொழில். எலிபிடிப்பவன், படகோட்டி, கல்லறைத் திருடன் என நீளும். எலிபிடிப்பவனின் உடைமைகளுள் பொறிகளோடு 'சிறிய, ஆனால் பொல்லாத நாய்' ஒன்றும் இருக்கும். ஒரு தொழிலிலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமானால் அதற்குரிய கருவிகளை முதலில் எப்படியேனும் தேடிச் சேர்க்க வேண்டும். மூட்டைதான் ஆளை ஆக்குகிறது என்ற கட்சிக்கு இதைவிட நேர்மையான சட்டம் கிடையாது. வறியவர் வாழ்வை அறிந்த சட்டமும்கூட.

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' எதிர்த்திசையில் நடந்தது. 1989ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பு, பொற்காசுக்கு அனுபவப் புள்ளி என்ற விதியை விரும்பினால் கொள்ளலாம் என்னும் நிலைக்கு இறக்கியது. சாக்கு நிறையப் பொன் சுமந்து வருவதற்குப் பயன் குறைந்தபின், எடைக் கணக்கைப் போட்டுப் பார்க்க எவருக்குப் பொறுமை இருக்கும்? மேசைகளில் முதலில் மறக்கப்பட்ட விதிகளுள் சுமைக் கணக்கும் ஒன்று. பலரும் அதை அலுப்பூட்டும் கணக்குப்பிள்ளை வேலை என்று பழித்தனர். தராசின் ஒரு தட்டைக் கழற்றிவிட்டு மற்றதைப் பழித்த கதை அது.

2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் பொருட்கள் திரும்பி வந்தன, ஆனால் வேறு வேடத்தில். இன்ன படிநிலையில் இத்தனை பொன் மதிப்புள்ள உடைமை இருக்க வேண்டும் என்று நடுவருக்கு அட்டவணையே தரப்பட்டது. இருபதாம் படிநிலையில் 7,60,000 பொற்காசு. மாய வாளும் மாய மோதிரமும் மாயப் போர்வையும் ஆளின் எண்களைக் கூட்டித்தரும் உறுப்புகளாயின. கயிறும் கோலும் செய்த வேலையை அவை செய்வதில்லை. கயிறு ஒரு கேள்வி: இதை வைத்து என்ன செய்யப் போகிறாய்? கூட்டல் ஒன்று பொறித்த வாள் ஒரு விடை. அதனிடம் கேட்க எதுவுமில்லை.

2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பில், தொழில்வகையைத் தேர்ந்தவுடன் பொருட்கள் கட்டுச் சாமானாகவே வந்துவிடுகின்றன. நிலவறை செல்வோருக்கான கட்டில் கடப்பாரை, சுத்தியல், பத்துத் தீப்பந்தம், கயிறு எல்லாம் உண்டு. பத்தடிக் கோல் மட்டும் இல்லை. தனியாக வாங்கலாம், விலை 5 செப்புக்காசு. ஒரு பொற்காசுக்கு நூறு செப்புக்காசு என்பதால், நாற்பது ஆண்டுகளில் கோலின் விலை இருபதில் ஒரு பங்காக வீழ்ந்திருக்கிறது.

பழைய ஆட்டமுறையை மீட்டெடுக்க விரும்பியோர் 2000களின் நடுப்பகுதியிலிருந்தே பழைய விதிகளைத் திரும்ப எழுதி வெளியிடலாயினர். அவ்வழியில் வந்தவற்றுள் 2018இல் பென் மில்டன் எழுதிய 'நேவ்' நம் கேள்விக்கு மிகத் துணிச்சலான விடையைத் தருகிறது. ஏழே பக்கம். தொழில்வகை என்பதே இல்லை. உடல்வலிமைக்கேற்ப இத்தனை இடம் என்று மூட்டைக்கு அளவு உண்டு. வாள் எடுத்தால் இவ்வளவு இடம், கவசம் எடுத்தால் இவ்வளவு இடம். கவசமும் கேடயமும் சுமப்பவனே போர்வீரன். பூட்டுத் திறக்கும் கருவி சுமப்பவனே திருடன். மந்திரம் மனத்தில் இல்லை, புத்தகத்தில் இருக்கிறது. ஒரு மந்திரத்திற்கு ஒரு புத்தகம், ஒரு புத்தகத்திற்கு ஓர் இடம், நாளுக்கு ஒரு முறை. நிலவறையின் அடியில் பொன் நிறைந்த பேழையைக் கண்ட ஒருவன், அதைச் சுமக்க இடமின்றித் தன் மந்திரப் புத்தகங்கள் மூன்றைத் தரையில் வைத்துவிட்டுப் பொன்னை அள்ளிக்கொண்டு புறப்படுகிறான் என்று வையுங்கள். மேலே ஏறி வரும் அந்த வழி முழுவதும் அவன் மந்திரவாதி அல்லன்.